கேட்டைக்கு மேலே இரண்டு விரல்

2022ஆம் ஆண்டு, ஜூன் மாதக் கடைசி. அமாவாசையை ஒட்டிய இரவு. இலங்கையின் பொருளாதார நெருக்கடிக் காலம். பெற்றோல் இல்லாததால் பள்ளிக்கூடம் நடக்கவில்லை. மின்வெட்டினால் வீடுகளில் வெளிச்சம் இல்லை. மட்டக்களப்பு, கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, கடற்கரை மணலில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் எங்கள் பக்கத்தில் வானம் பார்க்கத் தோதானவை. பகலில் அனல் பறக்கும். இரவில் பெரும்பாலும் மேகம் இராது. அன்றைக்குத் தெருவிளக்கும் இல்லை. தெற்கே பால்வீதி, சிந்திய அரிசிமாவைக் கையால் இழுத்துவிட்டது போலக் கிடந்தது. யுத்த காலத்திலும் ஊர் இப்படி இருண்டுதான் கிடந்தது. அப்போது முற்றத்தில் நின்று மேலே பார்க்க யாருக்கு மனம் வந்தது?

"எனக்குக் கேட்டை நட்சத்திரம் டீச்சர். அது எது?" என்று கேட்டாள் தரம் பத்துப் படிக்கும் பிள்ளை ஒருத்தி.

தேளைக் காட்டினேன். தலைப்பக்கம் வரிசையாக நிற்கும் மூன்றும் அனுஷம். அதற்குக் கீழே, நெஞ்சில் நெருப்புத் துண்டு போலச் சிவந்து நிற்பது கேட்டை. வாலின் நுனிக் கொடுக்கு மூலம். அவள் கேட்டையைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் வாடினாள். "அம்மம்மா சொல்றாங்க, அது கூடாத நட்சத்திரமாம். கலியாணம் பேசக்குள்ள கஷ்டமாம்" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவளுடைய தம்பி கையை நீட்டினான். "அக்காட வெள்ளிக்கு மேல பாருங்க டீச்சர். ஒரு ஓட்டை."

உண்மைதான். கேட்டையிலிருந்து மேலே இரண்டு விரல் அகலம் போனால் வெள்ளிகள் திடீரென்று குறைந்துவிடுகின்றன. பால்வீதியிலிருந்து கறுப்பு ஓடைகள் சில அந்த இடத்தை நோக்கி வருகின்றன. நல்ல இருட்டில் மட்டும்தான் இது தெரியும். அவன் சரியாகக் கண்டிருந்தான்.

அவன் சொன்ன வார்த்தையையே ஒருவர் 1785இல் எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மானியர் வில்லியம் ஹேர்ஷல். தேளின் உடம்பில் நாலு பாகை அகலத்துக்கு ஒரு திறப்பு, ஒரு ஓட்டை இருக்கிறது என்றார். அதன் ஓரத்தில் வெள்ளிகள் நெருங்கித் திரண்ட ஒரு கொத்து தெரிகிறது. ஓட்டையில் இருந்த வெள்ளிகள் எல்லாம் காலப்போக்கில் அங்கே இழுபட்டுப் போயிருக்கும் என்று காரணமும் சொன்னார். நல்ல காரணம்தான். ஆனால் பிழை.

ஹேர்ஷல் பார்த்த வானத்தில் அந்த இடம் தொடுவானுக்கு மேலே பதினைந்து பாகைக்குள்தான் எழும்பும். பனியும் புகையும் கலந்த உயரம் அது. எங்கள் மட்டக்களப்பில் அது ஏறத்தாழ அறுபது பாகை உயரத்துக்கு வந்து நிற்கிறது. வானியல் படிக்கும் உலகம் முழுவதும் பேசுகிற ஒரு இடம், எங்கள் வாவிக்கு மேலாக ஒவ்வொரு ஆனி, ஆடியிலும் போய்க்கொண்டிருக்கிறது. இதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் காட்டவில்லையே என்பதுதான் எனக்குள்ள வருத்தம். நானும் பல வருடம் காட்டவில்லை.

அந்த இடத்துக்கு ரோ ஒஃபியூக்கி மேகம் என்று பெயர். அங்கே மங்கலாகத் தெரியும் ஒரு நட்சத்திரத்தின் பெயரே மேகத்துக்கும் வந்துவிட்டது. அது ஓட்டை இல்லை, எதிரே நிற்கும் திரை என்ற நம்பிக்கை வலுப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்கர் எட்வர்ட் பார்னாட் நீண்ட நேரம் கமராவைத் திறந்து வைத்து வானத்தைப் படம் பிடித்தவர். இப்படிப்பட்ட கறுப்புத் திட்டுகள் 182ஐ 1919இல் பட்டியலிட்டார். அவற்றுக்குக் கூரான விளிம்புகள் இருந்தன. பின்னால் உள்ள வெளிச்சத்தை மறைக்கும் பொருளுக்குத்தான் அப்படி விளிம்பு வரும்.

அந்தப் பொருள் என்ன? பெரும்பகுதி ஐதரசன் வாயு. கூடவே ஈலியம், காபனோரொட்சைட்டு, இன்னும் பல மூலக்கூறுகள். நிறையில் நூற்றில் ஒரு பங்கு தூசு. தூசு என்றால் எங்கள் வீதிப் புழுதி இல்லை. சிகரெட் புகைத் துணிக்கையை விடவும் பெரிதாக இராத மணிகள். மணலின் மூலப்பொருளான சிலிக்கேற்றும் காபனும். மேலே பனிக்கட்டிப் பூச்சு. வெப்பநிலை மறை 260 பாகை செல்சியஸ் அளவு. அடர்த்தி என்று பார்த்தால் நாங்கள் ஆய்வுகூடத்தில் உண்டாக்கும் வெற்றிடத்தை விட அந்த மேகம் மெல்லியது. அப்படியானால் எப்படி வெளிச்சத்தை மறைக்கிறது? அதன் கனம் ஒளியாண்டுக் கணக்கில் இருப்பதால். வாவியின் காலைப் பனி பத்தடி தூரத்தில் ஒன்றையும் மறைக்காது. மண்முனைக் கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால்தான் படுவான்கரை காணாமல் போயிருக்கும். அதே கணக்கு.

இந்த மறைப்பு எல்லா ஒளிக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. அதில்தான் விஷயமே இருக்கிறது. தூசு மணியின் அளவும் ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ஒளி சிதறியும் விழுங்கப்பட்டும் போய்விடும். அலை நீண்டால் மணிகளைப் பொருட்படுத்தாமல் போய்விடும். படுவான்கரையில் சூரியன் விழும்போது நீலம் தொலைந்து சிவப்பு மட்டும் எங்களிடம் வருவதும் இதே குணத்தால்தான். சிவப்பே இவ்வளவு தப்பி வருகிறதென்றால், சிவப்புக்கும் அப்பால் உள்ளது இன்னும் தப்பும்.

அப்பால் ஒன்று உண்டு என்று கண்டுபிடித்தவரும் அதே ஹேர்ஷல்தான். 1800இல் சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்தபோது வெப்பம் இன்னும் கூடியது. எங்கள் பாடப்புத்தகம் அதைச் செந்நிறக்கீழ்க் கதிர் என்கிறது. தமிழ்நாட்டில் அகச்சிவப்பு என்கிறார்கள். நான் படிப்பித்த சொல் முதலாவது. ஆனால் இரண்டாவது சொல்லில் ஒரு அழகு இருக்கிறது, அதையே இங்கே எழுதுகிறேன். தேளின் உடம்பில் ஓட்டை கண்டவரும், அந்த ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று காட்டப்போகும் கதிரைக் கண்டவரும் ஒரே மனிதர். இரண்டையும் அவர் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்க்க வழியும் அன்றைக்கு இல்லை. 1822இல் இறந்துபோனார். படிப்பித்த காலம் முழுவதும் இதை நான் தனித்தனிப் பாடமாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மணலில் இருந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த எனக்குப் பெரிய கருவி தேவைப்படவில்லை. கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூட வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு துப்பாக்கியைப் பிடித்தார்களே, அது அகச்சிவப்பை அளக்கும் கருவி. எங்கள் உடம்பு ஒவ்வொரு கணமும் அந்த ஒளியை வீசிக்கொண்டிருக்கிறது, இருட்டறையில் இருந்தாலும். தொலைக்காட்சி ரிமோட்டின் நுனியைக் கைத்தொலைபேசிக் கமராவுக்கு எதிரே பிடித்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு, பல தொலைபேசிகளின் திரையில் ஊதாவாக மின்னும். ஒருவன் அடுத்த நாள் தன் வீட்டில் இருந்த மூன்று ரிமோட்டையும் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினான்.

கணக்கு ஒன்றும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். அந்த மேகத்தின் தடித்த பகுதிக்குப் பின்னால் இருந்து வரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இலட்சம் கோடியில் ஒரு பங்குதான் எங்களை வந்து சேரும் என்று வையுங்கள். நடுப்பகுதியில் அப்படியான இடங்கள் உண்டு. அதே இடத்தில் 2.2 மைக்ரோமீற்றர் அலைநீளமுள்ள அகச்சிவப்பில் பதினாறில் ஒரு பங்கு வந்து சேர்ந்துவிடும். இலட்சம் கோடியில் ஒன்று, பதினாறில் ஒன்று. முதலாவதில் இருப்பது சுவர். இரண்டாவதில் இருப்பது மெல்லிய சேலை.

நான் பிறந்தது வாவிக்கரையில். அப்பா தோணியில் போய் இரவில் வலை போடுபவர். நிலாக் காலத்தில் ஒரு நாள் என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்துப் பக்கம் போனார். தோணியை நிறுத்தினார். சவளின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு நுனியை என் காதோடு சேர்த்துப் பிடித்தார். "புள்ள, சத்தம் போடாமக் காத வை" என்றார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. மரத்தில் கேட்டது. கம்பியை விரலால் மீட்டிவிட்டது போல ஒரு முனகல், அது ஓய்வதற்குள் இன்னொன்று. எனக்கு எட்டு வயது. தண்ணீருக்கு மேலே ஊர் நித்திரை. கீழே யாரோ விழித்திருந்தார்கள்.

பாடுமீன் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரியும் தோணியில் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்கு எங்கள் மீனவர்கள் சொன்னது, மீன் இல்லை, ஊரி என்ற சிப்பி இனம் எழுப்பும் ஒலி என்று. அப்பாவும் ஊரி என்றுதான் சொல்வார். பக்கத்துத் தோணிக்காரர் மீன் என்பார். சத்தம் இருப்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. யாருடைய சத்தம் என்பதில்தான் வழக்கு.

ரோ ஒஃபியூக்கி மேகத்திலும் முதலில் அப்படித்தான் ஆனது. 1973இல் அமெரிக்க வானியலாளர் கிராஸ்டேலனும், ஸ்ட்ரோம் தம்பதியர் ஸ்டீபனும் கரெனும் அந்தக் கறுப்புத் திட்டை 2 மைக்ரோமீற்றர் ஒளியில் ஆராய்ந்தார்கள். அன்றைக்கு அகச்சிவப்புக் கமரா என்று ஒன்று இல்லை. ஒரே ஒரு உணரி. அதை வைத்துக்கொண்டு வானத்தைக் கோடு கோடாகத் துழாவ வேண்டும்; இருட்டில், இடுப்பளவு தண்ணீரில் அத்தாங்கு தள்ளி இறால் தேடுவது போல. ஓட்டை என்று பேர் எடுத்த இடத்தில் புள்ளிகள் அகப்பட்டன, ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டமே.

ஆனால் அவை யார்? மேகத்துக்குள் பிறந்த குழந்தைகளா, மேகத்துக்குப் பின்னால் எங்கோ நின்று சேலைக்குள்ளால் எட்டிப் பார்க்கும் கிழட்டு நட்சத்திரங்களா? புள்ளி இருப்பது தெரிந்தால் மட்டும் போதாது. இதைத் தீர்க்கப் பல வருடம் பிடித்தது. சார்ள்ஸ் லாடாவும் புரூஸ் வில்கிங்கும் 1980களில் இதே மேகத்தில்தான் அந்த வேலையைச் செய்தார்கள். ஒரு அலைநீளத்தில் மட்டும் பார்க்காமல் பல அலைநீளங்களில் அளந்தார்கள். பின்னால் நிற்கும் முதிர்ந்த நட்சத்திரம் என்றால் அலை நீள நீள வெளிச்சம் குறையும். சிலவற்றில் அது குறையாமல் ஏறிக்கொண்டே போனது. நட்சத்திரத்தைச் சுற்றி வெதுவெதுப்பான தூசு இருந்தால்தான் அப்படி ஏறும்.

எங்கள் பக்கத்தில் குழந்தையை ஏணையில் போடுவோம். சேலை முழுவதும் மூடியிருக்கும். பிள்ளையின் முகம் தெரியாது. ஆனால் கையை வைத்தால் சேலை சூடாக இருக்கும், அசையும். வானியலாளர் அளந்தது அந்தச் சேலையின் சூட்டை. குழந்தையின் ஒளி தூசில் பட்டு, தூசு சூடாகி, அந்தச் சூட்டை அகச்சிவப்பாகத் திருப்பி வீசுகிறது. முதல் நிலையில் முற்றாக மூடிய ஏணை. அடுத்ததில் சேலை விலகி, சுற்றிலும் ஒரு தட்டு மட்டும் மிஞ்சும். பிறகு அந்தத் தட்டும் மெலிந்துபோகும். குழந்தை நட்சத்திரங்களை இப்படி வயதுவாரியாக வகுக்கும் முறை இந்த ஆய்வுகளில் உருவானது. 1993இல் இன்னும் ஒரு படி முந்திய வகையையும் சேர்த்தார்கள்: வெளியே இருந்து விழவேண்டிய பொருளில் பாதி கூட இன்னும் விழாத சிசு. அதற்கு எடுத்துக்காட்டாக அமைந்ததும் இதே மேகத்தில் உள்ள ஒன்றுதான். விஎல்ஏ 1623 என்று இலக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

எங்கள் கடற்கரையில் ஒரு நல்ல தொலைநோக்கியை வைத்தால் இதையெல்லாம் பார்க்கலாமா என்று பையன் ஒருவன் கேட்டான். முடியாது, மனே. உப்பும் ஈரமும் ஊறிய எங்கள் காற்று அகச்சிவப்புக்குப் பகை. காற்றில் உள்ள நீராவிதான் அந்தக் கதிர்களில் பெரும்பகுதியை விழுங்குகிறது. சில அலைநீளங்களில் மட்டும் சன்னல் போல வழி விட்டிருக்கிறது. அதனால்தான் ஹவாயில் 4,200 மீற்றர் மலையுச்சிக்கும், சிலியின் வறண்ட மலைகளுக்கும் போகிறார்கள். இந்தியாவில் இராஜஸ்தானின் அபு மலையில் 1,680 மீற்றர் உயரத்திலும், லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீற்றர் உயரத்திலும் இந்த வேலை நடக்கிறது. ஹைதராபாத்திலிருந்து டாட்டா ஆய்வு நிறுவனத்தார் 1 மீற்றர் கண்ணாடியுள்ள தொலைநோக்கியை இராட்சதப் பலூனில் கட்டி, காற்று மெலிந்த உயரத்துக்கு அனுப்பி, நட்சத்திரம் பிறக்கும் மேகங்களை அளந்து வந்திருக்கிறார்கள். அதை நான் பெரிய சாதனையாக மதிக்கிறேன்.

இன்னொரு தொல்லை: இந்தப் பூமியில் எல்லாமே அகச்சிவப்பில் ஒளிர்கிறது. காற்று, மலை, தொலைநோக்கியின் குழாய், அதைப் பிடித்திருக்கும் கை. நடுப்பகலில் மின்மினி தேடுவது போல. ஆகவே கருவியைக் குளிரவைத்து விண்வெளிக்கே அனுப்பினார்கள். 1983 ஜனவரியில் ஐராஸ் என்ற செய்மதி போனது. 57 சென்ரிமீற்றர் தொலைநோக்கி, திரவ ஈலியத்துக்குள் அமிழ்த்தியது போன்ற குளிர். ஈலியம் பத்து மாதத்தில் தீர்ந்தது. அதற்குள் வானம் ஏறக்குறைய முழுவதும் தேடி இலட்சக்கணக்கான அகச்சிவப்புப் புள்ளிகளைக் குறித்துவிட்டது. கறுப்பு மேகங்களின் அடர்ந்த கருக்களில் ஏறக்குறைய பாதிக்குள் ஒரு குழந்தை இருப்பது அதன் பின்னர்தான் தெரிந்தது. 83 என்றால் எங்கள் நாட்டில் எவருக்கும் தமிழர்கள் தாக்கப்பட்ட ஜூலைக் கலவரம்தான் நினைவு வரும். அந்த ஜூலையில் ஐராஸ் எங்கள் தலைக்கு மேலாலும் போய்க்கொண்டிருந்தது.

அன்றிரவு கேட்டைப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடவில்லை. கேட்டையின் வடமொழிப் பெயர் ஜ்யேஷ்டா. மூத்தவள் என்று பொருள். மூதேவி என்று ஒதுக்கி வைத்தார்களே, அந்தப் பெயர்தான். இந்த மூத்தவளுக்கு உண்மையில் என்ன வயது? ஒன்றரைக் கோடி வருடம் அளவு. எங்கள் சூரியனுக்கு 460 கோடி. கேட்டை சூரியனை விட மிகச் சின்னவள். நிறை கூடிப் பிறந்ததால் வேகமாக எரிந்து, சூரியனைப் போல ஏறத்தாழ 700 மடங்கு அகலத்துக்கு ஊதி, இப்போது கடைசிக் காலத்தில் இருக்கிறாள். அவளும் அனுஷத்து நட்சத்திரங்களும் ஒரே பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் வீசிய காற்றும் வெடித்துச் சிதறியவர்களின் அதிர்ச்சியும் அமுக்கியதால்தான் பக்கத்து மேகத்தில் இந்தக் குழந்தைகள் கருக்கொண்டன என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பிள்ளை ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, ஜூலை 12. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளிவந்தன. மக்கள் போராட்டத்தால் ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடிய கிழமை அது. வரிசையில் நின்றபடி யாரோ ஒருவரின் தொலைபேசியில் அந்தப் படங்களைப் பார்த்தேன். 6.5 மீற்றர் கண்ணாடி. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவு. டெனிஸ் மைதானம் அளவுக்கு ஐந்து அடுக்குத் திரை விரித்து, சூரியனுக்கு முதுகு காட்டி, மறை 220 பாகைக்கும் கீழே குளிர்ந்து நிற்கிறது. அதன் முதலாம் ஆண்டு நிறைவுக்கு, 2023 ஜூலை 12 அன்று, உலகத்துக்குக் காட்ட அவர்கள் தெரிந்தெடுத்த படம் ரோ ஒஃபியூக்கி. எங்கள் ஓட்டை.

படத்தைக் கொமினிகேஷன் கடை ஒன்றில் கலரில் அச்செடுத்தேன். ஏறக்குறைய ஐம்பது குழந்தை நட்சத்திரங்கள். அநேகமாக எல்லாம் சூரியன் அளவு அல்லது அதிலும் சின்னவை. கீழே மஞ்சளாக ஒளிரும் ஒரு குகை. அதைக் குடைந்தது எஸ்1 என்ற ஒரு நட்சத்திரம். அந்தப் படத்தில் சூரியனை விட நன்றாகப் பெரியது அது ஒன்றுதான். குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புப் பாய்ச்சல்கள். குழந்தை முதன்முதலாக மூடலைக் கிழித்து இரண்டு பக்கமும் வாயுவைப் பீச்சி அடிக்கும்போது, சுற்றியுள்ள ஐதரசன் மூலக்கூறுகள் அடிபட்டு ஒளிர்வது அது. வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் இருப்பது கறுப்பு.

இந்தக் குழந்தைகளின் சூடு இன்னும் அடுப்புச் சூடு இல்லை. ஐதரசன் எரிய நடுவில் ஒரு கோடி பாகை வேண்டும். சூரியன் அளவான ஒன்று முறையாக அந்த நிலையில் நிலைப்பதற்குச் சில கோடி வருடம் செல்லும். இப்போது அவை ஒளிர்வது விழுகிற பொருளின் வேகத்தாலும் சுருங்குவதால் வரும் சூட்டாலும்தான்.

"கலர் அவங்க அடிச்சதா டீச்சர்?" என்று கேட்டான் தம்பி. எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி இது, நல்ல கேள்வி. அகச்சிவப்புக்கு எங்கள் கண்ணில் நிறம் இல்லை. அதில் நீண்ட அலையைச் சிவப்பாகவும், குறுகியதை நீலமாகவும் மாற்றிக் கொடுக்கிறார்கள். கீழ்க்கட்டையில் பாடியதை எங்கள் காதுக்கு எட்டுகிற கட்டைக்கு ஏற்றிப் பாடுவது மாதிரி. பாட்டு மாறவில்லை.

இன்னொரு பெயரையும் அவர்களுக்குச் சொன்னேன். ரே ஜயவர்தன. இலங்கையில் பிறந்து வளர்ந்தவர். 1998 மார்ச்சில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவராக, சிலியின் செரோ தொலோலோ மலையில் இருந்த 4 மீற்றர் தொலைநோக்கியில் தன் குழுவோடு ஒரு இளம் நட்சத்திரத்தை நடு அகச்சிவப்பில் படம் பிடித்தார். எச்ஆர் 4796ஏ. வயது ஒரு கோடிக்குள். அதைச் சுற்றித் தூசுத் தட்டு ஒன்று இருந்தது. தட்டின் நடுவில் வெற்றிடம். கோள்கள் உருவாகி நடுவைக் கூட்டித் துப்புரவாக்கியிருக்கக்கூடும் என்று அப்போதே பேசப்பட்டது. ஹவாயில் இருந்து பார்த்த வேறொரு குழுவும் அதே சமயத்தில் அதையே கண்டது. பிறகு 2008இல் அவரும் ரொறன்ரோவில் அவரோடிருந்த ஆய்வாளர்களும் அனுஷத்துக்குப் பக்கத்தில், இரண்டு விரல் அகலத்துக்குள், ஒரு இளம் நட்சத்திரத்தையும் அதன் அருகே வியாழனைப் போல எட்டு மடங்கு நிறையுள்ள ஒரு பொருளையும் படம் பிடித்தார்கள். பிறந்த சூடு ஆறாத கோள். 1,500 பாகைச் சூட்டில் அகச்சிவப்பில் மினுங்கிக்கொண்டிருந்தது. அது அந்த நட்சத்திரத்தைச் சேர்ந்ததுதான் என்று 2010இல் உறுதியானது.

"எங்கட நாட்டு ஆளா?" என்றான் தம்பி.

"எங்கட நாட்டு ஆள்தான். சின்ன வயசில அவரும் இந்த வானத்தைத்தான் பார்த்திருப்பார்."

2023இன் அந்த ஜூலை அமாவாசைக்கு மறுபடி கடற்கரைக்குப் போனோம். மின்சாரம் திரும்பி வந்திருந்தது, அது நல்லதுதான். ஆனால் கல்லடியில் அந்தக் கறுப்பு இப்போது தெரியவில்லை. விளக்குகளை விட்டு விலகி நாவலடிப் பக்கம் நடந்தோம். கேட்டைப் பிள்ளை இப்போது தரம் பதினொன்று. ரோச் லைட்டுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளை வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுத்துவிடும் என்று ஒருமுறை நான் சொன்னதை நினைவு வைத்திருந்தாள். அச்செடுத்த படத்தை வானத்தில் அந்த இடத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவ்வளவு பெரிய படம் வானத்தில் நிலாவின் அகலத்தில் கால்வாசி கூட வராது என்றேன். கையைத் தாழ்த்திப் படத்தை மறுபடி பார்த்தாள்.

"இது எப்ப நடந்தது டீச்சர்?"

நாசா சொல்லும் தூரம் 390 ஒளியாண்டு. கழித்துப் பார்த்தோம். 1633. அந்த ஒளி அங்கே புறப்பட்டபோது புளியந்தீவில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்கு ஐந்து வயது. ஒல்லாந்தர் வந்து அதைப் பிடிக்க இன்னும் ஐந்து வருடம் இருந்தது. வாவியில் ஊரி அன்றைக்கும் பாடியிருக்கும்.

"அம்மம்மாவுக்குக் காட்டினீங்களா மகள்?"

"காட்டினேன் டீச்சர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தாங்க. இதில எத்தின புள்ளையள் எண்டு கேட்டாங்க. அம்பது எண்டேன்." சற்று நிறுத்தினாள். "அம்பதா, ஆர் பார்க்கிற அதுகள எண்டு கேட்டாங்க."

ரோச்சை அணைத்தாள். நாங்கள் எல்லோரும் கேட்டைக்கு மேலே இரண்டு விரலை வைத்து அளந்து, அங்கே பார்த்துக்கொண்டு நின்றோம்.